நான் அடித்து எழுதச் சொன்ன 930



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே படிக்கிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். ஒரே மூச்சில் முடியாதவர்கள் மிச்சத்தை நாளைக்குப் படியுங்கள். பரீட்சை எதுவும் வைக்கப் போவதில்லை.

போன வாரம் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி வீடியோ காலில் வந்தாள். தனி ஊசல் சோதனையை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "தாத்தா, குண்டைக் கொஞ்சமாத்தான் இழுத்து விடணும்னு மிஸ் சொல்றாங்க. நிறைய இழுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள். "அலைவு நேரம் கொஞ்சம் கூடும்மா" என்றேன். "அப்போ நம்ம ஃபார்முலா தப்பா?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த பதிலைச் சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுமார் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மதியம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

பொதுத்தேர்வு பிராக்டிகலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மேசையில் கையெழுத்துக்காக ரெக்கார்டு நோட்டுகள் மலையாகக் கிடந்தன. ஒரு பையன் அப்சர்வேஷன் நோட்டை நீட்டினான். g-யின் மதிப்பு 930 என்று எழுதியிருந்தான். நம் பக்கத்தில் அது 978-ஐ ஒட்டி வரவேண்டும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். "என்னடா இது?" என்றேன். "சார், மூணு தடவை எடுத்துட்டேன். 930தான் வருது" என்றான். குண்டை எவ்வளவு இழுத்தாய் என்று கேட்டேன். கையால் காட்டினான். நாற்பது டிகிரி இருக்கும்.

எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் நேரமில்லை. "இதெல்லாம் எக்ஸ்டர்னல்கிட்டே காட்ட முடியாது. அடிச்சு எழுதிட்டு வா" என்றேன். ஒரு நிமிஷம் நின்றான். போனான். பத்து நிமிஷத்தில் 979 என்று எழுதிக்கொண்டு வந்தான். சிவப்பு மையில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பையனின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவன் எண் ஏன் சரி என்பதை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்ல வானத்தில் இருக்கிற நிலாவையும் புதனையும் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொரு திருத்தம். இது ஒருவனுக்கு அல்ல, உங்கள் எல்லோருக்கும். "எளிமையான கொள்கைதான் உண்மையான கொள்கை. தாலமியின் வட்டத்துக்குள் வட்டத்தையெல்லாம் கோப்பர்நிக்கஸ் தூக்கி எறிந்தார், கணக்கு எளிமையானது, அதனால் உலகம் ஏற்றுக்கொண்டது" என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் எனக்கே விளங்கியது.

தாலமி இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்தவர். பூமி நடுவில். ஒவ்வொரு கோளும் ஒரு சின்ன வட்டத்தில் சுற்றும். அந்தச் சின்ன வட்டத்தின் மையம் ஒரு பெரிய வட்டத்தில் நகரும். பார்க்க ஒரே சிக்கலாக இருக்கும். ஆனால் கணக்குப் போடுகிறவனுக்கு அது அவ்வளவு கஷ்டமில்லை. அட்டவணை இருக்கிறது. தேதியை வைத்து எண்களை எடுத்துக் கூட்டிக் கழித்தால் செவ்வாய் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

கொள்கை ஒன்று, கணக்கு வேறொன்று என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் எழுதிய 'காலசங்கலிதம்' என்ற புத்தகம் 1825-இல் சென்னையில் அச்சானது. புதுச்சேரியில் தான் பார்த்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி வாரன் சொல்லியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துக் கூட்டிக் கழித்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் சில நிமிஷ வித்தியாசத்தில் வந்தது. நிலாவுக்கான அந்த வாக்கியங்கள் 248. ஏன் 248? நிலா பூமிக்குக் கிட்டே வந்து மறுபடி கிட்டே வர ஏறத்தாழ 27.55 நாள். அதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். யாரோ ஒரு மகா கெட்டிக்காரர் அந்தக் கணக்கையெல்லாம் முன்கூட்டியே போட்டு, மற்றவர்கள் கூட்டல் கழித்தலோடு பிழைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார். எந்தக் கொள்கையும் தெரியாமலே கிரகணம் சொல்லலாம்.

இப்போது கோப்பர்நிக்கஸ். 1543-இல் அவர் புத்தகம் வந்தது. சூரியன் நடுவில். ஆனால் அவரும் வட்டங்களை விடவில்லை. கோள்கள் வட்டத்தில்தான் போகும் என்று நம்பியவர் அவர். ஆகவே சின்ன வட்டங்களை அவரும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொடக்க காலத்தில் எழுதிச் சுற்றுக்கு விட்ட சிறு குறிப்பில் மொத்தம் 34 வட்டம் போதும் என்று அவரே எண்ணிச் சொல்லியிருக்கிறார். முப்பத்து நான்கு! இதைத்தான் நான் "வட்டத்தையெல்லாம் தூக்கி எறிந்தார்" என்று சொல்லிக்கொடுத்தேன்.

அப்படியானால் அவர் செய்தது என்ன? இதை வால்வு ரேடியோ வைத்துச் சொல்கிறேன், உங்களில் வயதானவர்களுக்குப் புரியும். அந்த ரேடியோவில் முன்னால் நாலைந்து திருகு இருக்கும். ஒன்றைத் திருகி, இன்னொன்றைத் திருகி ஒருவழியாக இலங்கை வானொலியைப் பிடிப்போம். தாலமியின் கொள்கையில் ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனித் திருகு. செவ்வாய் சில சமயம் பின்னோக்கிப் போகிறதா? அதற்கு ஒரு திருகு. வியாழனுக்கு வேறு. கோப்பர்நிக்கஸில் அந்தப் பின்னோட்டத்துக்குத் திருகே தேவையில்லை. நாம் பூமியில் ஏறிக்கொண்டு செவ்வாயை முந்துகிறோம், அது பின்னால் போவதுபோலத் தெரிகிறது. பக்கத்து பஸ்ஸை நம் பஸ் முந்தும்போது பார்த்திருப்பீர்கள். எந்தக் கோள் எவ்வளவு தூரம் என்பதும் தானாகவே வந்து விழுகிறது. நம் இஷ்டத்துக்குத் திருக முடியாத இடங்கள் கூடின. எளிமை என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். கணக்குச் சுலபமானதை அல்ல.

அடுத்து வந்த கெப்ளரிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டைகோ பிராஹே கண்ணாலேயே பார்த்துக் குறித்துவைத்த செவ்வாயின் நிலைகள் அவர் கைக்கு வந்தன. வட்டத்தை வைத்து எழுபது தடவைக்கு மேல் கணக்குப் போட்டார். கடைசியில் எட்டு நிமிஷ வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. இந்த நிமிஷம் கடிகார நிமிஷமல்ல. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. வேறு யாராக இருந்தாலும் "ரீடிங் எடுத்ததில் பிசகு" என்று விட்டிருப்பார்கள். கெப்ளர் விடவில்லை. டைகோ அவ்வளவு பிசகுகிற ஆள் இல்லை என்று சொல்லி, வருஷக்கணக்கில் உழைத்த வட்டத்தையே தூக்கிப் போட்டார். 1609-இல் நீள்வட்டம் வந்தது. ஒரு கோளுக்கு ஒரு நீள்வட்டம். வட்டத்துக்குள் வட்டம் நிஜமாகவே ஒழிந்தது இங்கேதான்.

ஆனால் கணக்கு? நீள்வட்டத்தில் கோள் ஒரே வேகத்தில் போகாது. இன்ன தேதியில் எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்கக் கெப்ளர் எழுதிய சமன்பாட்டுக்கு இன்றுவரை நேரடித் தீர்வு கிடையாது. ஒரு விடையை ஊகித்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட்டுத்தான் நெருங்க வேண்டும். நேரடியாகத் தீர்க்கத் தன்னால் ஆகவில்லை என்று கெப்ளரே ஒத்துக்கொண்டிருக்கிறார். படம் எளிமையானது, கணக்குக் கஷ்டமானது. இந்தக் கதையை இனிமேல் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

1687-இல் நியூட்டன். எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் ஈர்க்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் விசை நாலில் ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு வரியில் எழுதிவிடும். கெப்ளரின் மூன்று விதியும் இந்த ஒரு வரியிலிருந்து வந்துவிடுகின்றன. திருகு எதுவுமே மிச்சமில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும்'. சூரியனும் பூமியும் மட்டும் என்றால் கணக்கு முடிந்துவிடும். நிலாவையும் சேருங்கள். பூமி நிலாவை இழுக்கிறது, சூரியனும் நிலாவை இழுக்கிறது. மூன்று பொருள் வந்த உடனே அந்த ஒரு வரி விதிக்கு முழுத் தீர்வு எழுத முடியாமல் போகிறது. நிலாவின் கணக்கு தலைவலியைக் கொடுக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நியூட்டனே நண்பர்களிடம் சொன்னதாகக் குறிப்பு உண்டு. நியூட்டனுக்கே தலைவலி என்றால் உங்களுக்கு வந்தது பெரிய விஷயமில்லை, கவலைப்படாதீர்கள்.

தலைவலி எங்கே என்றால், நிலாவின் பாதையும் நீள்வட்டம் மாதிரித்தான். ஆனால் அந்த நீள்வட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நிலா பூமிக்கு மிக அருகே வருகிற இடம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது வருஷம். சூரியனின் இழுப்புதான் காரணம். சரி, எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று விதியை வைத்துக் கணக்குப் போட்டால் பாதிதான் வந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பதில் பதினெட்டு. ஐந்து சதவீதம் பத்து சதவீதம் தப்பு அல்ல, சரியாகப் பாதி. நியூட்டனின் புத்தகத்திலேயே, நிஜ நிலா இதைவிட இருமடங்கு வேகம் என்று ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது.

அறுபது வருஷம் கழித்து பாரிஸில் கிளேரோ இந்தக் கணக்கைக் கையிலெடுத்தார். பன்னிரண்டு வயதிலேயே அறிவியல் கழகத்தில் கட்டுரை வாசித்தவர். அவருக்கும் பாதிதான் வந்தது. அதே நேரம் ஆய்லரும் தலாம்பேரும் தனித்தனியாகப் போட்டார்கள். அவர்களுக்கும் பாதிதான். அக்காலத்தின் மிகப் பெரிய கணிதத் தலைகள் மூன்றுக்கும் ஒரே விடை. கிளேரோ 1747 நவம்பரில் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து, நியூட்டனின் விதி போதாது என்று அறிவித்தார். தூரத்தின் இருமடியோடு நான்மடியையும் வைத்து இன்னொரு சிறு பதத்தைச் சேர்க்க வேண்டும் என்றார். ரேடியோவில் புதிதாக ஒரு திருகு.

இதை எதிர்த்தவர் பூஃபோன். இயற்கை வரலாறு எழுதிப் புகழ்பெற்றவர். அவர் வாதம் கணக்கில் இல்லை. இயற்கையின் விதி என்றால் ஒரே பதமாக, எளிமையாக இருக்க வேண்டும். இரண்டு பதம் வந்தால் அது விதியே அல்ல என்றார். எளிமை என்ற ஒன்றை மட்டும் காட்டிக் கணக்கைத் தள்ள முடியாது என்பது கிளேரோவின் நிலை. நான் வகுப்பில் இருந்திருந்தால் பூஃபோன் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். முப்பது வருஷம் அதையேதானே சொல்லிக்கொடுத்தேன்!

கிளேரோ என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். வாய்ச்சண்டையோடு நிற்காமல் திரும்பக் கணக்குக்குப் போனார். இப்படிப்பட்ட கணக்குகளில் முழுத் தீர்வு கிடைக்காது என்பதால் ஒரு தொடராக எழுதுவார்கள். முதல் பதம் பெரியது, அடுத்தது சிறியது, அதற்கடுத்தது இன்னும் சிறியது. சிறியதை விட்டுவிடலாம் என்பது வழக்கம். மூன்று பேருமே விட்டிருந்தார்கள். கிளேரோ உட்கார்ந்து, விட்ட பதங்களையும் போட்டார். பக்கம் பக்கமாகப் போகிற கணக்கு. சிறியது என்று ஒதுக்கியது சிறியதாக இல்லை. முதல் பதம் தந்த அளவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு அளவை அதுவும் தந்தது. பாதி முழுதானது.

1749 மே மாதம் அதே கழகத்தில் எழுந்து, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், நியூட்டனின் விதி அப்படியே சரி என்றார். ஊரறிய ஒன்றைச் சொல்லி, பதினெட்டு மாதத்தில் ஊரறிய அதையே மறுத்துச் சொல்ல எவ்வளவு மனம் வேண்டும்! ஆய்லர் உடனே நம்பவில்லை. பீட்டர்ஸ்பர்க் கழகத்தில் இதையே பரிசுக் கேள்வியாக வைத்தார்கள். கிளேரோ எழுதிய விடையைப் படித்துத்தான் ஆய்லருக்கு மனம் சமாதானமானது. பரிசும் கிளேரோவுக்கே போனது.

பூஃபோன் சொன்னதுதானே கடைசியில் சரியானது என்று கேட்பீர்கள். விடை சரி. ஆனால் ஸ்டெப் எழுதாமல் விடை மட்டும் எழுதியவனுக்கு நான் எத்தனை மார்க் போடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கணக்கின் பலத்தைச் சில வருஷத்தில் உலகமே பார்த்தது. ஹாலியின் வால்மீன் திரும்பி வரவேண்டிய காலம். வியாழனும் சனியும் வழியில் அதை இழுத்துத் தாமதப்படுத்தும். எவ்வளவு என்று போட வேண்டும். கிளேரோவோடு லாலாந்தும், நிக்கோல் ரேன் லெபோத் என்ற பெண்மணியும் உட்கார்ந்தார்கள். லாலாந்தும் அந்த அம்மாவும் ஆறு மாதத்துக்கு மேல் காலையிலிருந்து இரவுவரை, சில நாள் சாப்பாட்டு மேசையிலும்கூட, எண்களைப் போட்டார்கள். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள் தாமதம். 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று அறிவித்தார்கள். மார்ச் 13-இல் நெருங்கியது. ஒரு வரி விதியிலிருந்து ஒரு தேதியை எடுக்க அவ்வளவு உழைப்பு. என் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்து "எனக்குப் பிசிக்ஸ் வராது சார்" என்று சொன்ன பெண் பிள்ளைகள் அந்த அம்மாவின் பெயரை ஒரு தடவை கூகுளில் தேடிப் பாருங்கள்.

அதற்குப் பின் நூறு வருஷம் நியூட்டனுக்குத் தோல்வியே இல்லை. யுரேனஸ் கணக்கிலிருந்து விலகியபோது லெவெரியே, விதியைச் சந்தேகப்படாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்றார். 1846-இல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பிய அன்றிரவே, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் கிடைத்தது.

அதே லெவெரியே 1859-இல் புதனுக்கு வந்தார். புதனின் நீள்வட்டமும் மெதுவாகச் சுற்றுகிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் ஒன்றுவிடாமல் கூட்டினார். கொஞ்சம் மிச்சம் நின்றது. பின்னால் நியூகோம் திருத்திச் சொன்ன அளவு, நூறு வருஷத்துக்கு 43 விநாடி. இந்த விநாடி ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. அதாவது அந்த மிச்சம் சேர்ந்து ஒரு டிகிரி ஆவதற்கு எட்டாயிரம் வருஷத்துக்கு மேல் வேண்டும். இவ்வளவு சிறியதை விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும்.

அவர்கள் விடவில்லை. நெப்டியூன் போல இன்னொரு கோள், சூரியனுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்றார் லெவெரியே. வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. சூரிய கிரகணம் வரும்போதெல்லாம் தேடினார்கள். 1877-இல் லெவெரியே சாகும்வரை அது கிடைக்கும் என்றே நம்பினார். கிடைக்கவில்லை. 1894-இல் ஆசஃப் ஹால், தூரத்தின் இருமடி என்பதில் 2-க்குப் பதில் 2.00000016 என்று வைத்தால் புதன் சரியாகிவிடும் என்றார். மறுபடியும் திருகு! நிலாவில் நடந்தது நினைவிருந்தவர்கள், "இதிலும் ஏதோ பதத்தை விட்டிருப்பார்கள், நன்றாகக் கணக்குப் போடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தத் தடவை கணக்கு முழுசாகவே இருந்தது. விதியில்தான் குறை.

1907-இல் ஐன்ஸ்டைனுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. மேலேயிருந்து விழுகிற ஒருவனுக்குத் தன் எடை தெரியாது. ஒரு சின்னப் பிள்ளைக்கும் புரிகிற எண்ணம். அதைச் சமன்பாடாக எழுத எட்டு வருஷம் பிடித்தது. தேவையான கணிதம் அவரிடம் இல்லை. கல்லூரியில் யாருடைய நோட்ஸைப் படித்துப் பரீட்சை எழுதினாரோ, அந்த கிராஸ்மன் என்ற நண்பரிடமே 1912-இல் போய் உதவி கேட்டார். கணிதத்தின் நுட்பமான பகுதிகளை இதுவரை ஆடம்பரம் என்று அறியாமையால் நினைத்திருந்தேன், இப்போதுதான் அதன்மேல் மரியாதை வந்தது என்ற பொருளில் அந்த வருஷமே ஒரு கடிதம் எழுதினார். 1915 நவம்பரில் புதனுக்குக் கணக்குப் போட்டார். எந்தத் திருகையும் தொடாமல் 43 விநாடி வந்தது. சில நாள் சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை என்று நண்பருக்கு எழுதியிருக்கிறார்.

அந்தச் சமன்பாட்டை ஒரு வரியில் எழுதலாம். பிரித்தால் ஒன்றோடொன்று பின்னிய பத்துச் சமன்பாடு. ஒரே ஒரு உருண்டைப் பொருளுக்கான முழுத் தீர்வை முதல் உலகப்போர் முனையில் இருந்த ஷ்வார்ஸ்ஷில்ட் சில வாரத்தில் கண்டார். அந்தப் பொருள் தன்னைத்தானே சுற்றுகிறது என்றால்? அந்தத் தீர்வுக்கு 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூட்டனில் மூன்று பொருள் தகராறு. ஐன்ஸ்டைனில் இரண்டு பொருளே தகராறு. இரண்டு கருந்துளைகள் சுற்றி வந்து இணைவதைக் கம்ப்யூட்டரில் முழுதாகப் போட்டுக் காட்ட 2005 ஆயிற்று. 2015 செப்டம்பரில் அப்படி இணைந்த ஒரு ஜோடியின் அலை கருவியில் பதிந்தபோது, அது இன்னதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல அந்தக் கணக்குத் தேவைப்பட்டது.

இதையெல்லாம் அடுக்கிவைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இவ்வளவுதான். கொள்கையின் எளிமை என்பது நம் இஷ்டத்துக்குத் திருக இடம் இல்லாமை. அப்படிப்பட்ட கொள்கையில் கணக்குப் பெரும்பாலும் கஷ்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒட்டுப்போட வழியில்லை; கடைசிப் பதம்வரை போட்டுத்தான் ஆக வேண்டும். எண் பொருந்தாதபோது குற்றம் நிலாவில் நடந்ததுபோலக் கணக்கில் இருக்கலாம். புதனில் நடந்ததுபோல விதியில் இருக்கலாம். எது என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பார்த்த எண்ணை மட்டும் மாற்றக்கூடாது. அதை மாற்றியிருந்தால் கெப்ளரும் இல்லை, ஐன்ஸ்டைனும் இல்லை.

நான் அன்றைக்கு மாற்றச் சொன்னது அதைத்தான்.

முந்தாநாள் ஒரு மீட்டர் நூலில் ஒரு கனமான நட்டைக் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். வீட்டம்மா "எழுபது வயசுல என்ன விளையாட்டு" என்று கேட்டார். கொஞ்சமாக இழுத்து விட்டு இருபது அலைவு எண்ணினேன்: 40 விநாடி சொச்சம். நாற்பது டிகிரி இழுத்து விட்டேன்: 41 சொச்சம். ஒரு விநாடி கூடுதல். அந்த ஒரு விநாடிதான் 978-ஐ 930 ஆக்குகிறது. நாம் படித்த ஃபார்முலா, கிளேரோ முதலில் போட்டதுபோல, தொடரின் முதல் பதம் மட்டும். சின்ன வீச்சுக்கு அது போதும். பெரிய வீச்சுக்கு அடுத்த பதத்தையும் சேர்க்க வேண்டும். வீச்சுக் கோணத்தில் பாதியின் சைனை இருமடியாக்கி, நாலால் வகுத்து, ஒன்றோடு கூட்டி, அதால் அலைவு நேரத்தை வகுத்துவிட்டுப் போடுங்கள். ஆட ஆட வீச்சுக் குறையும், அதனால் நாற்பதுக்குப் பதில் சராசரியாக முப்பத்தேழு என்று வைத்துக்கொள்ளுங்கள். 930 நகர்ந்து 978-க்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

கரும்பலகையில் நாலு வரி. ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. பதினேழு வயதுப் பையன், மூன்று தடவை எடுத்துப் பார்த்து, வந்ததை வந்தபடி எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தது, பெரியவர்கள் எதிர்பார்க்கிற எண்ணை எழுதினால் கையெழுத்து விழும் என்பதை. அவன் அதை மறந்திருந்தால் நல்லது. மறக்காமல் வாழ்க்கையில் வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு நான் போட்ட போட்டோவுக்கு லைக் போட்டிருந்தாய். உன் ரீடிங் சரி. 930 சரி. அடித்து எழுதச் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்.

இன்று ஆசிரியர்களாக இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிராக்டிகல் நேரத்தில் உங்கள் மேசையிலும் நோட்டுகள் மலையாக இருக்கும், தெரியும். யாராவது ஒரு பிள்ளை தப்பான எண்ணோடு வந்து நின்றால், "எவ்வளவு இழுத்தாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நானும் அதைக் கேட்டேன். பதிலைக் கேட்ட பிறகு உட்கார்ந்து அந்த நாலு வரியைப் போடுங்கள்.

பேத்திக்கு நேற்று மறுபடி போன் போட்டேன். "ஃபார்முலா தப்பில்லைம்மா, பாதியில நிக்குது" என்றேன். "அப்போ மிச்சத்தை எழுது தாத்தா" என்றாள். எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். வேண்டுபவர்கள் கேளுங்கள், உங்களுக்கும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்